கண்டக்டர் அப்பாவும் வீட்டுக்கு வந்த பிசியோவும்: எட்டரை மாத அனுபவம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டரை மாதம் ஆகிறது. இதற்குள் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கும் இரண்டு சேவைகளைப் பார்த்துவிட்டோம். முதலாவதை ஐந்தே வாரத்தில் நிறுத்தினோம். இரண்டாவது இன்னும் தொடர்கிறது. நடுவில் கடையிலும் ஆன்லைனிலுமாகக் கிட்டத்தட்ட இருபதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கியாயிற்று. அதில் பாதி பரணில் கிடக்கிறது. மதுரையிலோ வேறு ஊரிலோ யாராவது இதே அலைச்சலில் இருந்தால் கொஞ்சம் பணமும், அதைவிட முக்கியமாகக் கொஞ்சம் நாளும் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். எந்த இடத்தின் பெயரையும் போடவில்லை. இந்த இரண்டு ரகமும் எல்லா ஊரிலும் இருக்கும்.

அப்பா அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டர். பெரும்பாலும் மதுரை - தேனி வண்டி. ரிட்டயர் ஆகி எட்டு வருடம், வயது 66. பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இப்பத்தான் நார்மல்னு வந்துருச்சே" என்று தானாகவே நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் என்று வந்தது. அவர் நிறுத்தி இரண்டு மாதம் ஆனதே எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி ஏழு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் இருந்த காபி டம்ளர் நழுவி மடியில் கொட்டியது. சூடான காபி. ஆனால் அவர் துள்ளவில்லை, கொட்டிய இடத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா திட்டிக்கொண்டே துணி எடுத்து வந்தார். அப்பா ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்தது. பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு, "காலையில இருந்து வெயில்ல அலைஞ்சாரும்மா, பித்தம் தலைக்கேறியிருக்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுங்க" என்றார். கொடுத்தோம். புரையேறி முகம் சிவந்துபோனது. அப்புறம்தான் தெருமுனையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ட்ரிப் ஏற்றி, "காலையில பார்க்கலாம்" என்றார்கள். ஒன்றரை மணி நேரம் அந்தப் பாட்டில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி வேலை முடிந்து வந்து சத்தம் போட்ட பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?" ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு இருபது. மூளையில் ரத்தம் கசியவில்லை, இடது பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு ஐந்து மணி நேரம் தாண்டியிருந்தது. பெரிய குழாய் அடைத்திருந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை வெளியே எடுக்கிறார்கள். அப்பாவுக்கு அடைத்தது அந்த அளவுக்குப் பெரிய குழாய் இல்லை.

பெரிய குழாய் அடைத்து ரத்தம் நின்றுபோனால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்று ஒரு கணக்கு உண்டு. அதை அப்புறம் படித்தபோது எனக்கு அந்த ட்ரிப் பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. அதனால் விமர்சனத்துக்குப் போகும் முன் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாய் கோணினாலோ, ஒரு கை திடீரென்று துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, கண் மறைத்து நடை தள்ளாடினாலோ மணியைப் பாருங்கள், எழுதி வையுங்கள், 108-க்குப் போன் போட்டு "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு, ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போகணும்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போய்ப் பாருங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். நெஞ்சுவலிக்குப் போடும் மாத்திரையைப் போட்டுவிடவும் வேண்டாம். உள்ளே அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை இன்னும் கெடுத்துவிடும்.

சரி, பிசியோவுக்கு வருகிறேன்.

பதினான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அடைத்தது மூளையின் இடது பக்கம் என்பதால் உடம்பில் வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது. மூக்கு டியூப் மட்டும் எடுத்திருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு ஹோம் கேர் ஏஜென்சியில் பதிந்தோம். ஒரு தடவை வந்து போக 350 ரூபாய். ஒரு பையன் வருவார். பையிலிருந்து சின்ன மெஷினை எடுத்து, அப்பாவின் முன்கையில் இரண்டு பட்டைகளை ஒட்டி, கரண்ட் வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பார். விரல் துடிக்கும். அம்மாவுக்கு அதைப் பார்க்க அவ்வளவு நம்பிக்கை. இருபது நிமிடம் கழித்துப் பட்டையைக் கழற்றி, கையைப் பிடித்து அடிகுழாய் அடிப்பது மாதிரி மேலும் கீழும் பத்து தடவை, காலை மடக்கி நீட்டி பத்து தடவை. முப்பதாவது நிமிடம் செருப்பைப் போட்டுவிடுவார். ஐந்து வாரத்தில் அவர் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. பேசவேண்டியதை எல்லாம் எங்களிடம் பேசினார், அப்பா நடுவில் படுத்திருக்க.

நான்காவது வாரத்தில் அப்பா வலது கையைத் தொடவிடவில்லை. தொட்டால் கத்துவார். "சோம்பேறித்தனம்மா, விட்டுராதீங்க, நீங்களும் இழுத்து விடுங்க" என்று அந்தப் பையன் சொல்ல, நாங்களும் இழுத்தோம். அதை நினைத்தால் இன்னும் தாங்க முடியவில்லை.

இரண்டாவது சேவை ஆஸ்பத்திரி நரம்பியல் டாக்டர் எழுதிக்கொடுத்தது. சின்ன இடம். மூன்று பிசியோக்கள், ஒரு ஹால். அங்கே போனால் 300, வீட்டுக்கு வந்தால் 450. எங்களுக்கு வந்தது இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பெண். முதல் நாள் ஒன்றே கால் மணி நேரம் இருந்தார். மெஷின் எதையும் எடுக்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய், நாற்காலியை இழுத்து அப்பாவின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, "ஐயா, நான் பிசியோ. உங்க கையைத் தொடலாமா?" என்று கேட்டார். பதில் வராது என்று அம்மா சொல்லப் போனார். அவர் அம்மாவைக் கையமர்த்திவிட்டுக் காத்திருந்தார். நிறைய நேரம் ஆனது. அப்பா தலையை ஆட்டினார்.

அப்புறம் தோளைத் தொட்டுப் பார்த்தார். என் விரலைப் பிடித்து அப்பாவின் தோள்முனைக்குக் கீழே வைத்தார். அங்கே ஒரு விரல் பதியும் அளவுக்குக் குழி இருந்தது. "இது சோம்பேறித்தனம் இல்லக்கா. தோள்ல எலும்பைப் பிடிச்சு வெச்சிருக்கிற தசை துவண்டு கிடக்கு. கையோட கனத்துக்கே மூட்டு கீழ இறங்கிருச்சு. அந்த நேரத்துல கையைப் பிடிச்சு இழுத்தா எப்படி இருக்கும்?" அன்றிலிருந்து அப்பாவைத் தூக்கும்போது கையையோ கக்கத்தையோ பிடிப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து, இடுப்பில் கட்டிய வேட்டி பெல்ட்டைப் பிடித்துத்தான் தூக்குகிறோம். உட்காரும்போது வலது கைக்குக் கீழே தலையணை. படுக்கும்போதும் தலையணை. வலி குறைய ஆறு வாரம் ஆனது. நாங்கள் இழுக்காமல் இருந்திருந்தால் அந்த ஆறு வாரமும் கைப்பயிற்சிக்குக் கிடைத்திருக்கும்.

கரண்ட் வைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. இவரும் சில நாள் தோளுக்கு வைத்தார். ஆனால் அது ஓடும்போது "ஐயா, இப்ப நீங்களும் தூக்கணும், நினைங்க, தூக்குங்க" என்று கூடவே அப்பாவையும் வேலை வாங்குவார். எந்தப் பிசியோவை வைத்தாலும் நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: அந்த ஒரு மணி நேரத்தில் வியர்ப்பது யாருக்கு? முதல் ஏஜென்சியில் அப்பாவுக்கு ஒரு நாளும் வியர்த்ததில்லை. இங்கே இரண்டாம் நாளே பனியன் நனைந்தது, வெறுமனே கட்டில் விளிம்பில் பிடிக்காமல் உட்கார்ந்ததற்கு. செத்த அணு திரும்ப வராது, பக்கத்தில் இருக்கிற அணுக்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவரேதான் முயல வேண்டும், ஆயிரக்கணக்கான தடவை. இப்படித்தான் எங்களுக்கு விளக்கினார். முதல் மூன்று மாதம் வேகமாகத் தெரியும், ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாகும், ஆனால் நிற்காது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒரு மாசத்துல நடக்க வெச்சுருவேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிளம்பும்போது கேட்டார்: "ஐயா என்ன வேலை பார்த்தாங்க?" கண்டக்டர் என்றோம். "பை இருக்கா?" அம்மா பீரோவுக்கு அடியிலிருந்து அந்தத் தோல் பையை எடுத்து வந்தார். இரண்டு அறை, வார் அறுந்து தைத்தது, உள்ளே இன்னும் சில்லறை வாசம். அதுதான் எங்கள் பயிற்சிச் சாமான் ஆனது.

இங்கே பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வாயில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது: சில்லறை. தண்ணீர் வேண்டுமா, சில்லறை. வலிக்கிறதா, சில்லறை. அம்மாவைக் கூப்பிடவும் சில்லறை, கோபத்துக்கும் சில்லறை. ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். வந்த சொந்தக்காரர்கள் மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். சிலர் காதில் கத்தினார்கள், சிலர் குழந்தையிடம் பேசுவது போல் பேசினார்கள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்தச் சேவையிலேயே பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் உண்டு. வாரம் ஒரு நாள் வீடியோ காலில், அரை மணி நேரம், 500 ரூபாய். முதலில் வீடியோவில் என்ன ஆகும் என்று சந்தேகமாகத்தான் இருந்தது. அவர்தான் எங்களுக்கு நிதானமாக விளங்கவைத்தார். இடது மூளையில் பேச்சை உண்டாக்கும் பகுதி அடிபட்டிருக்கிறது, கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி பெரும்பாலும் தப்பித்துவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் புரிகிறது, நினைக்கிற சொல் நாக்குக்கு வந்து சேரவில்லை. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கு "டான்" என்ற ஒரே ஒலிதான் வருமாம். அந்த நோயாளி இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்துத்தான் பேச்சுக்கு ஓர் இடம் இருப்பதைப் புரோக்கா காட்டினார். அந்தப் பகுதிக்கு இன்றும் புரோக்கா பெயர்தான். கேட்டுக்கொண்டிருந்த அம்மா அழுதார். "அப்போ நான் இவருக்கு எதிர்லயே பேசினதெல்லாம் இவருக்குக் கேட்டிருக்கு."

அப்புறம் அவர் கேட்டது எனக்கு வினோதமாக இருந்தது. "உங்க அப்பா தினமும் வரிசையா சொன்னது ஏதாவது இருக்கா? எண்ணிக்கை, பாட்டு, சாமி பேரு?" தம்பிதான் சொன்னான், பஸ் ஸ்டாப்பிங் பேரு. அவனே போனுக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பாவின் குரல் மாதிரியே "ஆரப்பாளையம் எடுத்தா..." என்று இழுத்தான். அப்பா அவனைப் பார்த்தார். "நாகமலை..." என்று தம்பி தொடங்க, "புதுக்கோட்டை" என்றார் அப்பா. தெளிவாக, பழைய குரலில். "செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தேனி தேனி." இத்தனை வாரமாகச் சில்லறை தவிர எதுவும் சொல்லாத மனிதர். சமையல்கட்டிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

உடனே "தண்ணீர்" சொல்லச் சொன்னோம். வரவில்லை. பழகிப்போன வரிசைகள், பாட்டு, சாமி பெயர், வசவு இதெல்லாம் தானாக வரும் பேச்சு. அது மூளையில் வேறு தடத்தில் போகிறது, அதிலிருந்து மெல்லப் பாலம் போட வேண்டும் என்றார் பயிற்சியாளர். இழுத்து, ராகம் போட்டு, இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே "தண்-ணீ" சொல்ல வைத்தார். அது வர பதினோரு நாள் ஆனது. இன்றைக்கு மூன்று, நாலு சொல் சேர்ந்து வருகிறது. "காபி... சூடா... இல்ல." பேர் சொல்வது இன்னும் கஷ்டம். "ஆமாம்" என்று நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடுவார், அதனால் கட்டைவிரலைக் காட்டச் சொல்லி உறுதி செய்துகொள்கிறோம். பேச்சுப் பயிற்சிக்கு நான் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாயும் வீணில்லை. பிசியோ மட்டும் வைத்துவிட்டு இதை விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. விடாதீர்கள்.

முழுங்குவதையும் இவர்தான் பார்த்தார். கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்பது எனக்கு அதுவரை தெரியாது. தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கெட்டியான கேழ்வரகுக் கூழ் மெதுவாக நகரும். நேராக உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் முழுங்கின பிறகே அடுத்த வாய். வலது கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது கிடப்பது அவருக்குத் தெரியாது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

தெரியாது என்றதும் இன்னொன்று. அத்தை பாசத்தில் வெந்நீர் பையை வலது கையில் வைத்து ஒத்தடம் கொடுத்தார். அப்பா சும்மா இருந்தார். பையை எடுத்தால் தோல் கொப்பளித்திருந்தது. உணர்ச்சியும் அந்தப் பக்கம் போய்விட்டிருக்கிறது. டம்ளர் விழுந்த அன்றைக்கு அவர் ஏன் துள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு சித்தப்பா புறா ரத்தம் தேய்த்தால் கை வரும் என்று கூண்டோடு கொண்டுவந்துவிட்டார். பிசியோ அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. "எண்ணெய் தேய்ச்சு விடுங்கய்யா, இதமா இருக்கும். ஆனா சூடு வேண்டாம், இழுக்க வேண்டாம்" என்றார். புறாக்களைத் தம்பி மொட்டைமாடியில் பறக்கவிட்டான்.

வாங்கிய சாமான்களில் பெரிய நஷ்டம், ஆன்லைனில் 6,800 ரூபாய்க்கு வாங்கிய ரோபோ கையுறை. காற்று அடித்து விரல்களை மூடித் திறக்கும். வீடியோவில் பார்க்க அற்புதமாக இருந்தது. அப்பா அதை மாட்டிக்கொண்டு டிவி பார்ப்பார், கை பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கும். பிசியோ பார்த்துவிட்டு, "இறுக்கம் தளர்றதுக்குப் பத்து நிமிஷம் போடலாம். ஆனா பயிற்சின்னு நினைச்சுறாதீங்க" என்றார். இரண்டாம் மாதம் ட்யூப் கிழிந்தது. ஸ்மைலி பந்தும் இப்படித்தான். யார் பார்க்க வந்தாலும் ஒரு பந்து வாங்கி வந்தார்கள். ஆனால் அப்பாவின் கை ஏற்கெனவே முஷ்டியாக இறுகிக்கொண்டிருந்தது. "மூடுறது தானா வரும் ஐயா, நமக்குத் திறக்கிறதுதான் வேலை" என்று பந்துகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

நான்கு கால் ஸ்டிக் 900 ரூபாய். நல்ல பொருள், ஆனால் கடையில் உயரத்தைச் சரியாக வைத்துக் கொடுக்கவில்லை. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும், பிடிப்பது நல்ல கையில். நாங்கள் வலது கையில் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதம் தொங்கி விரல் தரையில் தட்டுவதற்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் பட்டை 2,200. அதைப் போட்ட அன்றைக்கே நடை மாறியது. கமோடு சேர் அவசியம். ஏர் பெட் எங்களுக்கு ஆறு வாரம்தான் தேவைப்பட்டது, வாடகைக்கே எடுத்திருக்கலாம்.

எங்களுக்கு அதிகம் உதவியதெல்லாம் காசு கொடுத்து வாங்காதது. அல்லது கொஞ்சக் காசு. ஒன்று, கண்ணாடிக் கடையில் 350 ரூபாய்க்கு வெட்டி வாங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி. அதை மேஜை மேல் செங்குத்தாக நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் வைத்து விரல்களைத் திறக்கச் சொல்வார். கண்ணாடியில் பார்த்தால் வலது கை திறப்பது போலவே இருக்கும். பார்க்கப் பார்க்க மூளை ஏமாறுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கை துண்டிக்கப்பட்டவர்களின் இல்லாத கை வலிக்குக் கண்டுபிடித்த வழி இது. 1999-ல் அவரும் சேர்ந்த குழு பக்கவாதத்துக்கும் முயன்று பார்த்தது. அப்பா முதல் நாள் கண்ணாடிக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார், உண்மையிலேயே அசைகிறதா என்று. அசையவில்லை. ஏழாவது வாரம் ஆள்காட்டி விரல் ஒரு நெல்லளவு நிமிர்ந்தது. அதைப் பார்த்தது நானும் பிசியோவும் மட்டும். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று பல்லாங்குழி. அம்மாவின் சீதனம், புளியங்கொட்டையோடு. விரல் கொஞ்சம் வந்த பிறகு, இடது கைக்கு ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு வலது கையாலேயே கொட்டைகளைக் குழிக்குள் போடச் சொல்வார். நல்ல கை எல்லாவற்றையும் செய்துகொண்டே இருந்தால் வலது கையை மூளை மறந்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. கை துளியும் அசையாதவர்களுக்கு இது ஆகாது, வெறுப்புதான் வரும் என்று எச்சரித்தார். கொட்டை கைவந்ததும் நாணயம். மேஜையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் பரப்பி வைத்து, பொறுக்கித் தோல் பைக்குள் போட வேண்டும். முதல் நாள் 20 நிமிடத்தில் நாலு காசு. ஒவ்வொன்றாக மேஜை விளிம்புக்கு நகர்த்தி, கட்டைவிரலின் பக்கவாட்டில் இடுக்கி. மூன்றாவது காசு நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டபோது நான் குனிந்தேன். பிசியோ என்னைத் தடுத்துவிட்டார். அப்பா அடுத்த காசுக்குப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. மழை நாளில் திடீரென்று வரமாட்டார்கள், காலை பத்து மணி என்று சொல்லிவிட்டு மத்தியானம் வருவார்கள். ரசீது கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். நடுவில் இந்தப் பெண் கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவு போட்டபோது அனுப்பிய ஆள், அப்பாவின் பயிற்சிகளை எழுதிவைத்த நோட்டைப் படித்துப் பார்க்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தார், அப்பா அவரோடு ஒத்துழைக்கவே இல்லை. அப்புறம் பணம். வாரம் ஆறு நாள் என்றால் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது, பென்ஷனில் பெரிய ஓட்டை. நான்காம் மாதம் அவரிடமே சொன்னேன். வாரம் மூன்று நாள் வருகிறேன், மீதி நாள் நீங்களே செய்யுங்கள் என்று அம்மாவுக்கும் எனக்கும் எழுதிக் கொடுத்துச் சொல்லித்தந்தார். தன் வருமானம் குறைவதைத் தானே முன்வந்து செய்தவர். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பெரியம்மாவுக்கு, 2021-ல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது, பிசியோவும் காசில்லாமல் வந்து பார்க்கிறார். கையில் பணமில்லை என்று பயிற்சியை நிறுத்தும் முன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அவர்கள் ஹாலுக்கு இரண்டு முறை போனோம். அங்கே ஒரு தாத்தாவைப் பார்த்தேன். அவருக்கு வலது மூளையில் அடைப்பு. பேச்சு சரளமாக இருந்தது, கதை கதையாகச் சொன்னார். ஆனால் தட்டில் வலது பாதி இட்லியைத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றார். இடது பாதி அப்படியே இருந்தது. மீசைகூட வலது பக்கம் மட்டும் கத்தரித்திருந்தது. கண் தெரியாமல் இல்லை, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மனதில் இல்லை. அவர் மருமகள் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார். பழகிய கை. ஒரே நோய் என்கிறோம், எந்த இடத்தில் அடைத்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொருவரிடமிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

மூன்றாம் மாதம் அப்பா பயிற்சிக்கு எழ மறுத்தார். சாப்பாடு குறைந்தது, காரணமில்லாமல் அழுதார். நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தோம். பிசியோதான் டாக்டரிடம் சொல்லச் சொன்னார். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டியது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரத்தில் அப்பாவே ஸ்டிக்கைக் காட்டினார். அம்மா ஒன்பது கிலோ இளைத்திருந்ததையும் முதலில் கவனித்தது பிசியோதான், பெற்ற பிள்ளைகள் நாங்கள் இல்லை.

இப்போது ஸ்டிக்கோடு தெருமுனை டீக்கடை வரை போகிறார், தம்பி பின்னால் இரண்டடி தள்ளி. வலது கட்டைவிரல் மோதிர விரலைத் தொடவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியாது. நாணயம் 20 நிமிடத்தில் 31. பிரஷர் மாத்திரையைக் காலையில் அவரே ஞாபகமாகக் கேட்டு வாங்குகிறார். போன மாதம் பிசியோ, "ஐயா, அடுத்து என்ன செய்யணும்? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். அப்பா யோசித்தார். "வண்டி" என்றார். பிறகு, "தேனி."

பஸ் படி வீட்டுப் படியை மாதிரி இல்லை, உயரம். பிசியோ ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றிருந்த வண்டியில் டேப் வைத்து அளந்துகொண்டு வந்தார். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலுவில்லாத கால் முன்னால். முற்றத்தில் செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டிருக்கிறோம், சுவரில் கம்பி அடித்திருக்கிறோம். பஸ் படிக்கு ஐந்து செங்கல் உயரம் வேண்டும். இந்த வாரம் மூன்று.